கீழவீட்டு நிலை

சிவமயம்
கானாடுகாத்தான்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பச்சி எழுதுவது. ஆத்தாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி இருவரும் நலம். தையில் நீ சென்னை வரை வந்து திரும்பியதைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. வேலை இருந்திருக்கும்.

கீழவீட்டு வேலை முடிந்துவிட்டது. வாங்கிய மும்பைக்காரர் பழைய சாமான் சேர்க்கிறவர். ரவிவர்மா படம், எனாமல் தூக்கு என்று ஒரு லாரி நிறைய வந்து இறங்கியது. பணம் இருக்கிறவர், வீட்டைக் கெடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். இல்லை. இடையில் யாரோ பூசிய சிமெண்டை முழுக்கச் சுரண்டச் சொல்லிவிட்டார். சிமெண்ட் பூசினால் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று பொரிந்துவிடும், நம் பட்டாலைச் சுவர் மாதிரி. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு, மேலே முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சு. கை வைத்தால் வழுக்குகிறது. உடைந்த தளத்துக்கு ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வார்த்த கல்லேதான். ஒன்றுதான் பொறுக்கவில்லை: நடு முற்றமான வளவின் மேல் கண்ணாடி போட்டு மூடி ஏசி வைத்துவிட்டார். மழை விழாத வளவு என்ன வளவு?

அவர் மேனேஜர் நம் வீட்டுப் படங்களைச் செல்போனில் காட்டினார். மாடியும் இருந்தது, போன வருஷம் நீ விரித்த பாயோடு. யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

எந்தக் காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. வேளைக்குச் சாப்பிடு. நீ அனுப்பிய பணத்தில்தான் ஆவணியில் ஓடு மாற்றினேன், ஊரெல்லாம் சொல்லியாயிற்று. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு.

அப்புறம், அவருடைய இரண்டாம் கட்டு வாசலில் ஒரு நிலை. கஜலட்சுமி. இடப்பக்க யானைக்குத் துதிக்கை நுனி இல்லை. எந்தப் பந்து பட்டு என்று உனக்குத் தெரியும். கறையான் அரித்துவிட்டது என்று அன்று நான் சொன்னது பொய். உன் படிப்புக்கும் இல்லை. சீட்டில் விட்ட பணத்துக்காக 1998-ல், இருட்டிய பிறகு, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைக்குக் கொடுத்தேன். ஐயா பர்மாவிலிருந்து கப்பலேற்றிய தேக்கு. ஆத்தா இரண்டு வருஷம் இல்லாத கறையானுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினாள். இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

மும்பைக்காரர் எண்ணெய் தேய்த்து வைத்திருக்கிறார். துதிக்கையை ஒட்டவைக்கவில்லை, அதுவரை சந்தோஷம்.

பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க வா. மாடிச் சாவியைக் கொண்டு வா, என்னிடம் இருப்பது துருப்பிடித்துவிட்டது.

அப்பச்சி