மலைக் கிராமங்களுக்கு வரைபடத்தில் பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பூமியைக் கண்காணிக்கும் நிசார் செயற்கைக்கோள் அனுப்பும் தரவுகளை எந்த நாட்டுக்காரரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று உங்கள் நாளிதழில் படித்தேன். மனதுக்கு நிறைவாக இருந்தது. கூடவே, எங்கள் துணை சுகாதார நிலையத்தின் சுவரில் மாட்டியிருந்த ஒரு சார்ட் தாளும் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கோத்தகிரி பக்கம் 28 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். என் பொறுப்பில் இருந்த பகுதியின் படத்தை நானே வரைந்து மாட்டியிருந்தேன். தார்ச்சாலைக்குக் கறுப்பு, ஓடைக்கு நீலம், ஒற்றையடிப் பாதைக்குச் சிவப்புப் புள்ளிகள். எந்த எஸ்டேட் லைனில் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) எத்தனை வீடு, எந்த ஹட்டியில் (படகர் ஊர்) நிறைமாதக் கர்ப்பிணி, எந்தப் பாதை ஐப்பசி மழைக்கு அடைபடும், எல்லாம் அதில் இருக்கும். அளவுகோல் வைத்து வரைந்ததில்லை. அரைமணி நேர நடை என்றால் ஒரு சாண், அவ்வளவுதான் கணக்கு.

2009 நவம்பர் மழையை இந்த மலையில் யாரும் மறக்க முடியாது. மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சாலைகள் துண்டு துண்டாகப் போய்விட்டன. வெளி மாவட்டத்திலிருந்து வந்த மீட்புக் குழுவினர் கையில் படம் இருந்தது. அதில் எங்கள் பெரிய ஊரின் பெயரும் இருந்தது. ஆனால் அதற்குக் கீழே சரிவில் இருந்த மூன்று லைன்களும் ஒரு பழங்குடி ஊரும் இல்லை. சுவரிலிருந்து என் சார்ட்டைக் கழற்றி அவர்கள் முன்னால் விரித்தேன். அதைப் பார்த்துத்தான் கீழே இறங்கினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், ஒரு ராத்திரி பிரசவ வலி வந்த பெண்ணுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்டோம். ஊர் பெயர் காந்தி நகர். ஓட்டுநரின் கைப்பேசி அவரை வேறொரு காந்தி நகருக்குக் கொண்டுபோய்விட்டது. நாற்பது நிமிடம் வீணாய்ப் போனது. கடைசியில் எஸ்டேட் ஜீப்பிலேயே குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். அந்த ஓட்டுநரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்த படத்தில் எங்கள் காந்தி நகரே கிடையாது.

கோவையில் பொறியியல் படிக்கும் என் அண்ணன் மகன்தான் ஹைட்டியைப் பற்றிச் சொன்னான். 2010 ஜனவரி 12 அன்று அங்கே நிலநடுக்கம் வந்தபோது, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு உருப்படியான தெருப் படம் இல்லையாம். செயற்கைக்கோள் படம் வைத்திருந்தவர்கள் அதைப் பொதுவில் திறந்துவிட, பல நாட்டுத் தன்னார்வலர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே, யார் வேண்டுமானாலும் வரையக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் தெருத்தெருவாக வரைந்தார்கள். சில நாட்களிலேயே மீட்புக் குழுக்கள் அந்தப் படத்தை வைத்து வேலை செய்தன. 2015 நேபாள நிலநடுக்கத்தின்போதும் அப்படித்தான். அங்கே ஒரு வித்தியாசம்: காத்மாண்டு இளைஞர்கள் தங்கள் ஊர்ப் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் முன்பே அந்தப் படத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள். எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அவன் எங்கள் பகுதியையும் திறந்து காட்டினான். தேயிலைக்கு நடுவில் கூரைகள் தீப்பெட்டி மாதிரி தெரிந்தன. பெயர் ஒன்றுகூட இல்லை. "அத்தை, கூரையைப் பார்த்து வரைய ஜெர்மனியில இருக்கறவங்க போதும். பேர் சொல்ல நீங்கதான் வேணும்" என்றான். அன்றைக்கே உட்கார்ந்து பதினொரு ஊர்ப் பெயர்களை ஏற்றினோம். காந்தி நகர்தான் முதலில்.

நாடுகள் இந்த விஷயத்தில் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்குவது சின்னக் காரியமில்லை. எந்த நாட்டில் பேரிடர் வந்தாலும் செயற்கைக்கோள் படங்களை இலவசமாகத் தருவதற்கென்று 2000-இல் ஒரு பன்னாட்டு ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே நம் இஸ்ரோவும் அதில் சேர்ந்தது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். இப்போது நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார், 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. எங்கள் மாவட்டத்துப் பந்தலூருக்குப் பக்கத்தில், வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண்சரிவு வாரிக்கொண்டு போனது அதற்குச் சரியாக ஒரு வருடம் முன்பு, அதே ஜூலை 30. நிசாரின் ரேடாருக்கு மேகமும் இருட்டும் தடையில்லை. 12 நாளில் இரண்டு முறை ஒரே இடத்தைப் பார்த்து, நிலம் சில சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் காட்டிக்கொடுக்கும். மாதக்கணக்கில் மூடுபனியில் கிடக்கும் எங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நீலகிரிக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனமும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையும் பிற அமைப்புகளும் சேர்ந்து நடத்திய 'லேண்ட்ஸ்லிப்' திட்டத்துக்கு டார்ஜிலிங்கையும் நம் மலையையும்தான் சோதனைக் களமாக எடுத்தார்கள். மழைக்காலத்தில் மாவட்ட நிர்வாகத்துக்கு மண்சரிவு முன்னறிவிப்பு வருவது அந்த வழியில்தான். நல்ல வேலை. ஆனால் சரிவு அபாயத்தைக் காட்டும் தேசியப் படங்கள் 1:50,000 அளவில் இருக்கின்றன. தரையில் அரை கிலோமீட்டர் அதில் ஒரு சென்டிமீட்டர். பன்னிரண்டு வீடு உள்ள ஒரு லைன் அந்தத் தாளில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அந்த லைனுக்குப் பெயரும் இல்லையென்றால், எச்சரிக்கை வந்தாலும் யாரைப் போய் எழுப்புவது?

அதனால் மாவட்ட நிர்வாகத்திடம் ஒன்று கேட்கிறேன். வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன், அக்டோபர் 2 கிராம சபையில் அந்தந்த ஊராட்சியின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மாட்டுங்கள். அபாயமான சரிவுகளைத் தமிழில் குறித்து, மக்களையே விட்டுப்போன ஊர்களையும் பாதைகளையும் அதில் எழுதச் சொல்லுங்கள். செவிலியர், தபால்காரர், ரேஷன் கடைக்காரர், கொழுந்து பறிக்கும் பெண்கள் தெரிந்து வைத்திருப்பது எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. எழுதியதைக் கல்லூரி மாணவர்கள் பொதுப் படத்தில் ஏற்றட்டும். முன்பு வரைபடம் என்றாலே அனுமதிக்கு அலைய வேண்டும். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு அந்தக் கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்திவிட்டது.

எல்லாவற்றையும் ஏற்றிவிடவும் கூடாது. "வீட்டையும் பாதையையும் போடும்மா, தேன் எடுக்கிற பாறையையும் சாமி இருக்கிற இடத்தையும் போடாதே" என்று ஒரு குறும்பர் ஊர் மூப்பன் என்னிடம் சொன்னார். அவர் சொல்வது நியாயம். எதைக் காட்டலாம் என்று அந்தந்த ஊரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

அந்தச் சார்ட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மடிப்பில் கிழிந்த இடங்களில் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். அதில் இருக்கும் 34 பெயர்களில் 11 ஏறிவிட்டன. மீதி 23-க்கு மாணவர்கள் யாராவது வந்தால் கூடவே நடந்துபோய்க் காட்டத் தயாராக இருக்கிறேன். காலையில் பனி விலகியதும் கிளம்பினால் ஒரு நாளைக்கு மூன்று ஊர் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.