ஹெல்பருக்கும் ஒரு ஷீல்டு கொடுங்கள்: வட சென்னைப் பட்டறை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

வட சென்னையில் வெல்டிங் பட்டறை நடத்தும் முதலாளிகளுக்கும், ஆள் வைத்து வேலை எடுக்கும் கான்ட்ராக்டர்களுக்கும் வணக்கம்.

நான் வெல்டிங் ராடு பிடித்தவள் இல்லை. என் தம்பி உங்களில் ஒருவரிடம் ஹெல்பராக இருக்கிறான். போன வாரம் ஒரு ராத்திரி அவன் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அன்றைக்கு கிரில் கேட் வேலை. மேஸ்திரி டேக் போட, அதாவது அங்கங்கே புள்ளியாகப் பற்றவைக்க, சதுர பைப்பை அசையாமல் பிடித்துக்கொள்வது தம்பியின் வேலை. மேஸ்திரியிடம் முகத்தை மறைக்கும், கருப்புக் கண்ணாடி போட்ட ஷீல்டு இருந்தது. தம்பிக்கு ஒன்றும் இல்லை. பைப் மட்டமாக நிற்கிறதா என்று பார்க்கவும் வேண்டும், வெளிச்சம் வரும்போது முகத்தைத் திருப்பவும் வேண்டும் என்றால் யாரால் முடியும்? சாயங்காலம் நன்றாகத்தான் வீட்டுக்கு வந்தான், சாப்பிட்டான், படுத்தான். நடு ராத்திரியில், “கண்ணுல மண்ணை அள்ளிக் கொட்டின மாதிரி இருக்குக்கா” என்று அலறி எழுந்தான். கண்ணைத் திறக்க முடியவில்லை, தண்ணீர் நிற்கவில்லை, டியூப் லைட் போட்டாலே துடித்தான். அம்மா உருளைக்கிழங்கை நறுக்கிக் கண்ணில் வைத்தார். பக்கத்து வீட்டில் தாய்ப்பால் விடச் சொன்னார்கள். கூட வேலை செய்யும் பையன் போனில், மெடிக்கலில் மரத்துப்போகும் சொட்டு மருந்து வாங்கி விடு என்றான். நல்லவேளை, வாங்கவில்லை. அந்த மருந்து வலியை மறைத்துவிட்டு, புண் ஆறுவதைக் கெடுக்கும் என்று காலையில் கண் டாக்டர் சொன்னார். பற்றவைக்கும்போது எழும் ஆர்க் வெளிச்சத்திலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டிருக்கிறது. ஓரிரு நாளில் ஆறிவிடும், ஆனால் திரும்பத் திரும்பப் பட விடாதீர்கள் என்றார்.

வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. “பழகிடும்” என்று மட்டும் பட்டறையில் சொல்லி அனுப்பினார்கள். அய்யா, இது பழகாது. ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் சுடும்.

இந்த வலி பெரும்பாலும் வேலை முடிந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வருகிறது. அதற்குள் பட்டறை ஷட்டரை இறக்கியிருப்பீர்கள். ஜிஐ பைப் பற்றவைத்த அன்றைக்கு வருகிற காய்ச்சலும் அப்படித்தான். துத்தநாகப் பூச்சு எரிந்து எழும் புகை உள்ளே போய், ராத்திரி குளிரும் நடுக்கமுமாக வந்து, மறுநாளே இறங்கிவிடும். பாலும் வாழைப்பழமும் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நீங்களும் நம்புகிறீர்கள், எங்கள் வீட்டிலும் நம்பினார்கள். நுரையீரலுக்குள் போன புகையைப் பால் கழுவாது. வாயில் கட்டுகிற கர்ச்சீப்பும் அத்தனை நுண்ணிய தூளைத் தடுக்காது.

2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக வகைப்படுத்தியது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் அதே வகை. எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) வேலையில் குரோமியம், நிக்கல் புகை வேறு. இது தெரிந்தும் நான்கு பக்கமும் அடைத்த அறையில், ஏன், தண்ணீர்த் தொட்டிக்கு உள்ளேயே ஆளை இறக்குகிறீர்கள். மணலி, எண்ணூர்ப் பக்கம் கம்பெனி வேலை எடுக்கும்போது கேட்டில் செக் பண்ணுவார்கள் என்று ஹெல்மெட்டும் ஷூவும் தருகிறீர்கள். அதே ஆள் மறுநாள் வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ உங்கள் பட்டறையில் வெறும் செருப்போடு நிற்கிறான். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்து மாலை போடுகிறீர்கள். மெஷின் பக்கத்தில் நிற்கும் பையனையும் கொஞ்சம் பாருங்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். நான் கேட்க வந்தது ஒன்றுதான்: ஹெல்பருக்கும் ஒரு ஷீல்டு. கையில் பிடிக்கிற ஷீல்டு அவனுக்கு உதவாது, அவன் இரண்டு கையும் பைப்பில் இருக்கும். தலையில் மாட்டி, தலையை அசைத்தால் இறங்குகிற வகை வேண்டும். கண்ணாடியின் கருமையும் மேஸ்திரி போடுகிற அதே நம்பரில் இருக்கட்டும், சாதாரண கூலிங் கிளாஸ் போதாது. பாரிமுனைக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, கண் பாதுகாப்பு என்று சொல்லும்போது வேலை செய்பவரோடு மிக அருகில் இருப்பவரையும் சேர்த்தே சொன்னது. என்னிடம் மூன்று பேர்தான், எனக்கு அந்தச் சட்டமெல்லாம் வராது என்று நீங்கள் சொல்லலாம். மூன்று பேர் என்றால் இன்னும் ஒன்றிரண்டு ஷீல்டுதானே வாங்க வேண்டும்?

புகைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன், மாஸ்க், ரோட்டோரம் வேலை செய்யும்போது போகிற வருகிற பிள்ளைகளின் கண்ணில் படாதபடி ஒரு தார்ப்பாய் மறைப்பு, இவையும் வேண்டும்தான். அவற்றைப் பற்றி உட்கார்ந்து பேச நாங்கள் தயார். ஷீல்டுக்குப் பேச்சே தேவையில்லை. என் தம்பி திங்கட்கிழமை மறுபடி வேலைக்கு வருகிறான். உங்கள் எல்லாப் பட்டறைகளிலும் இப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த கேட்டுக்கு டேக் போடும் முன்னால், தயவுசெய்து அவர்களுக்கும் ஒரு ஷீல்டு வாங்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஹெல்பரின் அக்கா,
தண்டையார்பேட்டை