பிராடிக் பாதையிலேயே ஏறு, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். வாய்க்காலில் தண்ணீர் போகிறது, மஞ்சள் இடுப்பளவு நிற்கிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமையாக உன் போன் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும். அந்தியூர்க்காரர் விஷயத்துக்காக இதை எழுதவில்லை. அதை நான் எடுக்கப் போவதில்லை.

தம்பி உன் படத்தைக் காட்டினான். ஸ்காட்லாந்தின் ஆரன் தீவில் கோட்ஃபெல் மலை உச்சியில் அந்தத் தூணை ஒட்டி நிற்கிறாய், தலைமுடியெல்லாம் காற்றில் பறக்கிறது. 874 மீட்டர் என்றான். கப்பல் விட்டு இறங்கிய கரையிலிருந்தே ஏற்றம் என்பதால், அத்தனை மீட்டரும் நீ காலால் நடந்து ஏறியது. சென்னிமலையில் 1,320 படி ஏறிவிட்டு ஒரு வாரம் கால் வலி என்று படுத்திருந்தவள் நீ. பால் சொசைட்டியில் நாலு பேருக்குப் படத்தைக் காட்டினேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

தம்பியைப் படிக்கச் சொல்லி, காலண்டர் தாளின் பின்னால் வழிகளை வரைந்து வைத்திருக்கிறேன். கப்பல் வந்து நிற்கும் பிராடிக்கில் கோட்டைக்குப் பக்கத்தில், கிளாடாக்கிலிருந்து போவது ஒன்று. முதலில் மரக்காடு, அப்புறம் வெட்டவெளி, கிழக்குத் தோளைப் பிடித்தபின் உச்சிவரை கல்லும் பாறையும். போய்வர ஐந்து மணி நேரம் ஆகுமாம். காரி என்ற ஊரிலிருந்து ஓடையை ஒட்டி இன்னொன்று. தூரம் குறைவு, ஏற்றம் அதிகம், மேலே போய் முதல் பாதையோடு சேர்ந்துகொள்கிறது. இந்த இரண்டிலும் எனக்குப் பயமில்லை.

எனக்குப் பயம் மூன்றாவதுதான். உச்சியிலிருந்து வடக்கே ஸ்டாகாக் என்று ஒடுங்கிய முகடு, வழியெல்லாம் பாறைக் குவியல். அதைத் தாண்டி 818 மீட்டரில் வடக்குக் கோட்ஃபெல். அங்கிருந்து சேடில் என்ற கணவாய்க்கு இறங்கும் சரிவு முழுக்க உதிரி மணலும் பாறையும். பாறை உதிர்ந்த மணல் எப்படி வழுக்கும் என்று நம் கிணற்று மேட்டில் நீயே விழுந்து பார்த்தவள், முழங்கால் தழும்பு இன்னும் இருக்கும். சேடிலிலிருந்து ரோசா பள்ளத்தாக்குப் பக்கம் வந்தால் சரி. சானக்ஸ் பக்கம் வின் டைக் என்ற பாறைப் பிளவில் கையையும் ஊன்றித்தான் இறங்க வேண்டுமாம். அது வேண்டாம் சாமி. பிராடிக் பாதையிலேயே ஏறி, அதிலேயே இறங்கு.

கார்த்திகை பிறந்துவிட்டது. அங்கே இப்போது சாயங்காலம் நாலு மணி வாக்கிலேயே பொழுது விழுந்துவிடுகிறது. டார்ச் இல்லாமல் போகாதே. மேகம் இறங்கினால் திரும்பிவிடு, மலை எங்கேயும் போகாது. அடிபட்டால் ஒரு நிமிஷத்துக்கு ஆறு விசில், அப்புறம் ஒரு நிமிஷம் நிறுத்தி மறுபடியும் ஆறு. அங்கத்து அவசர எண் 999-ஐக் கூப்பிட்டு, முதலில் போலீஸ் என்றும் பிறகு மலை மீட்பு என்றும் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தாலும் சொல்கிறேன். தனியாக மட்டும் ஏறாதே.

தனியாக ஏறவில்லை என்றுதான் தோன்றுகிறது. படத்தைப் பத்தடி தள்ளி நின்று யாரோ எடுத்திருக்கிறார்கள். அம்மாதான் முதலில் கவனித்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நானும் கேட்கவில்லை. கூட ஒரு ஆள் இருந்தது நல்லதுதான். காற்று அப்படி அடிக்கிறபோது உனக்காக நின்ற ஆளாக இருந்தால் போதும்.

எழுத உட்கார்ந்தது இதற்கில்லை, கண்ணு. உனக்கு ஒன்பது வயதில் மாசி மாதம் வெள்ளியங்கிரிக்குக் கிளம்பினோம். ஏழு மலையும் ஏறுவேன் என்று மூங்கில் தடியை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாய். பூண்டிக் கோயிலில் உன்னை அம்மாவிடம் விட்டுவிட்டு, “அடுத்த வருஷம் கூட்டிப்போகிறேன்” என்று சொல்லி, நானும் பெரியப்பாவும் ஏறினோம். அடுத்த வருஷம் உனக்குப் பத்து. பத்திலிருந்து ஐம்பது வயதுவரை பெண்கள் ஏறக்கூடாது என்பது வழக்கம். நீ அழுதாய், வழக்கம் அப்படி, நான் என்ன செய்ய என்றேன். முதல் வருஷம் சொன்னபோதே எனக்கு அது தெரியும், அம்மிணி. உன்னைக் கூட்டிப்போயிருக்கலாம். ஒன்பது வயதுக்கு யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். பெண்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏழு மலை ஏற வேண்டிவரும், பெரியப்பா ஏதாவது சொல்வார் என்று நினைத்துப் பொய் சொன்னேன். ஏழாவது மலையில் விடியற்காலைக் குளிரில் நின்றபோது கீழே நீ தூங்கியிருக்க மாட்டாய் என்றுதான் நினைப்பு ஓடியது. இருபது வருஷம் ஆகிறது. இதை நீ என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அதற்கப்புறம் எதையுமே நீ என்னிடம் கேட்டதில்லை.

அந்தத் தடி பரண் மேலேயே இருக்கிறது. எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு இந்த வருஷம் ஐம்பத்தொன்று ஆகிறது. மாசியில் ஏறியே தீர்வேன் என்கிறாள், கூடப் போகிறேன். பாறைக்கு எந்தச் செருப்பு, எந்த ஷூ பிடிக்கும் என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணிச் சொல்லு. படம் எடுத்தவருக்குத் தெரிந்தாலும் சரி, அவரையே சொல்லச் சொல்.

அன்புடன்,
அப்பா