தனியாள் வரவு செலவு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலை நிரந்தரமானதும் நீ தனி வீடு பார்த்துக் குடிபோனதும் நிறைவான செய்தி. "அக்காவோடு இருந்தபோது ஆன செலவில் பாதிதானே இனி ஆகணும், பிறகு ஏன் இருபதாம் தேதிக்கே கை வறண்டுபோகிறது?" என்று கேட்டிருந்தாய். பாதியாகக் குறையாது. நீ போட்ட கணக்கு பிசகியது அங்கேதான்.

வாடகை, இணையம், குளிர்சாதனப் பெட்டி ஓடுகிற மின்சாரம் எல்லாம் ஒருவர் குறைந்ததற்காகப் பாதியாவதில்லை. குடும்ப வருமானங்களை ஒப்பிட ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் பயன்படுத்தும் அளவுகோலில் முதல் பெரியவரின் தேவைக்கு 1, அடுத்தவருக்கு 0.5. இருவர் வீட்டுக்கு மொத்தம் 1.5, தலைக்கு 0.75. தனியாளுக்கோ முழுதாக 1. அதே வசதிக்குத் தலைக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதனால் உன்னை நீயே ஊதாரி என்று திட்டிக்கொள்ளாதே.

சம்பளத்தில் தேவைக்கு 50 சதவீதம், விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கு 20 என்று எல்லோரும் சொல்கிற விகிதமும் உனக்கு அப்படியே பொருந்தாது. தேவையே 60-ஐத் தொடும். அந்தப் பத்தை விருப்பத்திலிருந்து எடு, சேமிப்பில் கை வைக்காதே. சம்பளம் வந்த மறுநாளே சேமிப்பு வேறு கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் சொல்லி வை. மாதக் கடைசியில் மிஞ்சினால் போடலாம் என்று இருந்தால் மிஞ்சவே மிஞ்சாது.

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். தேநீர், பேருந்து வரை எழுதியிருக்கிறாய். ஆனால் மாதாமாதம் வராத செலவு ஒன்றுகூட அதில் இல்லை. மாதக் கணக்கைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அதுதான். ஒரு பக்கத்தை எடுத்துப் பன்னிரண்டு மாதத்தையும் வரிசையாக எழுது. காப்பீட்டுத் தவணை, வண்டிப் பராமரிப்பு, பல் மருத்துவர், பயணம், அன்பளிப்பு என்று ஒவ்வொன்றையும் அதன் மாதத்துக்கு நேரே போடு. கூட்டிப் பன்னிரண்டால் வகு. அந்தத் தொகையும் வாடகை மாதிரி மாதாமாதம் தனியே ஒதுங்க வேண்டும். முதல் வருடம் மட்டும் கொஞ்சம் இடிக்கும். உன் மாதச் சம்பளத்தை 100 பங்காக வைத்துக்கொள். காப்பீடு 36 பங்கு என்றால் மாதம் 3 போதும். ஆனால் தவணைக்கு இன்னும் நாலே மாதம்தான் இருக்கிறது என்றால் இப்போது மாதம் 9 எடுத்தாக வேண்டும், பிறகு 3-க்கு இறங்கலாம். கைபேசியையும் இதில் சேர். நாலு வருடம் உழைக்கும் என்றால் விலையை 48-ஆல் வகு.

சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் வாரக் கணக்கே நல்லது. மாதத் தொகையை நாலால் வகுக்காதே, மாதத்துக்குச் சராசரியாக 4.33 வாரம். நாலால் வகுத்தால் கடைசி இரண்டு மூன்று நாளுக்குக் காசு இருக்காது, அப்போதுதான் கை கடன் அட்டைக்குப் போகும். அட்டையில் வாங்கினாலும் வாங்கிய அன்றே எழுது, பில் வரும் அன்று அல்ல. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி மீதியைத் தள்ளிப் போடவே போடாதே. மாதம் 3 சதவீத வட்டி சின்னதாகத்தான் தெரியும், வட்டிக்கு வட்டி ஏறினால் வருடத்துக்கு 42.6 சதவீதம்.

பெரிய பாக்கெட் மலிவு என்பதும் தனியாளுக்குச் சந்தேகமான பேச்சுதான். இரண்டு மடங்கு அளவு 1.6 மடங்கு விலைக்குக் கிடைத்தால் ஐந்தில் ஒரு பங்கு லாபம். அதில் ஐந்தில் ஒரு பங்கு கெட்டுப்போய்க் குப்பைக்குப் போனால் லாபம் போச்சு, அதற்கு மேல் போனால் நஷ்டம். சோப்பு, கெடாத தானியம் என்றால் பெரிது வாங்கு. கெடுகிற பொருள் சின்னதே போதும்.

அவசர நிதியைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை, எனக்கு அதுதான் கவலை. இருவர் சம்பாதிக்கும் வீட்டில் ஒருவருக்கு வேலை போனாலும் அடுப்பு எரியும். உனக்கு வரவு முழுதாக நின்றுவிடும். அவர்களுக்கு மூன்று மாதம் போதுமென்றால் நீ ஆறு மாதத்துக்கு வை. அதைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடாதே, தேவைச் செலவை வைத்துக் கணக்கிடு. மாதம் 60 பங்கு என்றால் மொத்தம் 360. மாதம் 10 போட்டால் மூன்று வருடம் ஆகும், மலைப்பாகத்தான் இருக்கும். முதல் இலக்காக ஒரு மாதத்துக்கு உரிய 60-ஐ மட்டும் வை, ஆறு மாதத்தில் எட்டிவிடுவாய். உன்னை நம்பி யாரும் இல்லாதபோது பெரிய ஆயுள் காப்பீடு அவசரமில்லை, மருத்துவக் காப்பீடுதான் முதலில். எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி அக்காவிடம் கொடுத்து வை, கடவுச்சொல் வேண்டாம்.

இந்த வாரம் பன்னிரண்டு மாதப் பக்கத்தை மட்டும் எழுதிப் படமெடுத்து அனுப்பு. எந்தத் தவணையை எந்த மாதத்துக்கு நகர்த்தலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் தோழி