பையின் கனமும் பணத்தின் கசிவும்

ஆசிரியருக்கு,

வணக்கம். முதுகுப்பையோடு தனியாக வெளிநாடு கிளம்புவோருக்கு எங்கே போகலாம் என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். காசு எங்கே கசிகிறது என்று சொல்லத்தான் ஆளில்லை.

விமான டிக்கெட், விசா, காப்பீடு ஆகியவை ஒருமுறைச் செலவு. படுக்கை, சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து தினச் செலவு. அதை நாட்களால் பெருக்கி, 15 சதவீதம் கூடுதலாக வைத்தால்தான் கட்டுப்படியாகும். ஊர் மாறும் நாளில்தான் செலவு எகிறும். 10 நாளில் 6 ஊர் என்று ஓடினால் கணக்கு அங்கேயே உடையும். வெளிநாட்டு ஏடிஎம் திரை, உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடலாமா என்று கரிசனமாகக் கேட்கும். மறுத்துவிடுங்கள். சம்மதித்தால் மாற்று விகிதத்தை ஏடிஎம் நடத்துபவர்களே வைப்பார்கள். பெரும்பாலும் நமக்குத்தான் நஷ்டம். இரண்டு கார்டுகளை ஒரே பர்ஸில் வைப்பது ஒரு கார்டு வைத்திருப்பதற்குச் சமம்.

பை 40 லிட்டர் போதும். விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகும் பைக்கு 7 கிலோதான் என்று பல விமான நிறுவனங்கள் கறாராக இருக்கின்றன. வீட்டிலேயே எடை பாருங்கள். கனமான பொருள் முதுகை ஒட்டி நடுவில், துணிகள் அடியில். கனம் வெளிப்பக்கம் போனால் பை பின்னால் இழுக்கும். முதலில் இடுப்புப் பட்டையை இறுக்கி, பிறகு தோள்பட்டையைச் சரிசெய்ய வேண்டும். பலர் தலைகீழாகச் செய்து தோள்வலி என்கிறார்கள். ஜீன்ஸ் கனம், சீக்கிரம் காயாது. பவர் பேங்க் செக்-இன் பையில் கூடாது, கையோடுதான். அதன் மேல் எழுதியிருக்கும் கொள்ளளவு 20,000 எம்ஏஎச் என்றால் வழக்கமாக 74 வாட்-மணி ஆற்றல், விமானத்தில் அனுமதிக்கும் 100 வாட்-மணி என்ற வரம்புக்குள் அடங்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்