பேங்காக் மாநகர நிர்வாகத்துக்கு: நடைபாதைக் கடைகளை விட்டுவையுங்கள்

பேங்காக் மாநகர நிர்வாகத்தில் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு கல் வியாபாரி. மாணிக்கமும் நீலமும்தான் என் பிழைப்பு. அதற்காக உங்கள் ஊருக்கு அவ்வப்போது வந்து, வேலை முடிந்ததும் அடுத்த விமானத்தில் கிளம்பிவிடுகிறவன். தாய்லாந்து மொழியில் எழுத வராததால் எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன். சீலோம் வட்டாரத்தில் கல் தொழில் செய்யும் தமிழர்கள் இருக்கிறார்கள். படித்துச் சொல்ல ஆள் கிடைக்கும். நான் கேட்க வந்தது ஒன்றைத்தான். நடைபாதைக் கடைக்காரர்களை உங்கள் தெருக்களிலிருந்து அப்புறப்படுத்தாதீர்கள்.

வந்துபோகிற வெளியூர்க்காரனுக்கு இதில் என்ன பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். என்னைப் போல வியாபாரத்துக்கு வருகிறவர்களுக்கு அரண்மனையையும் வாட் அருணையும் சுற்றிப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. பகல் முழுக்க சீலோமிலோ மகேசாக் தெருவிலோ ஏதாவது ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்போம். பொட்டலத்தைப் பிரிப்பது, லென்ஸில் பார்ப்பது, விலை பேசுவது, மறுபடி மடித்துக் கொடுப்பது, அப்புறம் ஆய்வகச் சான்றிதழுக்காகக் காத்திருப்பது. 59 மாடி நகை வர்த்தக மையத்துக்குள் போய்விட்டால் வெளியே மழையா வெயிலா என்றுகூடத் தெரியாது. எங்களுக்கு மிஞ்சுவது விடியற்காலையும் இரவும்தான். அந்த இரண்டு வேளையிலும் உங்கள் நகரத்தில் விழித்திருப்பவர்கள் நடைபாதைக் கடைக்காரர்கள். ஆகவே என் போன்றவர்களுக்குத் தெரிந்த பேங்காக் பெரும்பாலும் அவர்களுடைய பேங்காக்தான்.

சென்னையிலிருந்து சுமார் மூன்றரை மணி நேரப் பயணம். நள்ளிரவுக்கு மேல் கிளம்பும் விமானம் விடியும் நேரத்தில் சுவர்ணபூமியில் இறக்கிவிடும். விமான நிலைய ரயிலில் பாயா தாய் வரை வந்து, மேம்பால ரயிலுக்கு மாறி, சயாம் நிலையத்தில் இன்னொரு முறை மாறிச் சீலோம் பக்கம் வந்து சேரும்போது ஹோட்டலில் அறை தயாராக இருக்காது. பெட்டியை வரவேற்பில் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கினால், சீலோம் 20ஆம் சந்தில் காலைச் சந்தை ஏற்கெனவே சூடுபிடித்திருக்கும். அரிசிக் கஞ்சிப் பானையில் ஆவி பறக்கும். பக்கத்தில் எண்ணெய்ச் சட்டியில் பாத்தோங்கோ என்ற மாவுப் பலகாரம் பொரிந்து உப்பும். துணி வடிகட்டியில் காபியை இறக்கி, அடியில் கெட்டிப்பால் ஊற்றித் தருவார் ஒரு வயதான அம்மா. அதே சந்தில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் ஹலால் சாப்பாடு தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. பிட்சைக்கு வரும் துறவிகள் முன்னால், செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு உணவு இடுகிற பெண்கள் அடுத்த நிமிடமே எழுந்து அலுவலகத்துக்கு ஓடுவார்கள். கையில் சோறு ஒரு பை, குழம்பு ஒரு பை, சூப் ஒரு பை. எல்லாம் காற்றடைத்து ரப்பர் பேண்ட் போட்டு முறுக்கிக் கட்டியவை. ஒரு சொட்டு சிந்தாது. அந்தக் கட்டு போடும் விரல்களின் வேகத்தை எத்தனை நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம்.

கவனித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். நடைபாதையில் ஒரு எட்டடி இடம். காலையில் கஞ்சி விற்றவர் ஒன்பது மணிக்குள் துடைத்துக் கழுவிவிட்டுப் போகிறார். மதியம் அங்கே பழ வண்டி நிற்கிறது. கொய்யாவுக்கும் மாங்காய்க்கும் தொட்டுக்கொள்ள உப்பும் சர்க்கரையும் மிளகாயும் கலந்த பொடி, மெரினாவில் மாங்காய்ப் பத்தைக்குத் தடவித் தருவதற்கு ஒன்றுவிட்ட தங்கை. இருட்டியதும் அதே இடத்தில் நூடுல்ஸ் அடுப்பும் நாலு பிளாஸ்டிக் முக்காலியும் வந்துவிடும். ஒரே இடத்தில் மூன்று குடும்பங்கள் பிழைக்கின்றன. எந்தக் கட்டடத்தில் ஒரு கடையை இப்படி மூன்று பேர் பங்கிட்டுக்கொள்ள உரிமையாளர் சம்மதிப்பார்?

இந்தக் கடைகளில் நிற்பவர்களில் பலர் பெண்கள். வடகிழக்கு மாகாணங்களான ஈசானிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் ஏராளம். உரலில் பப்பாளிக்காய் இடிக்கும் சத்தம் கேட்டாலே அது ஈசான்காரர் கடை என்று சொல்லிவிடலாம். இவர்களிடம் சாப்பிடுவது என் போன்ற விருந்தாளிகள் மட்டுமல்ல. அடுக்குமாடி அலுவலகங்களின் குமாஸ்தாக்கள், காவலாளிகள், ஆரஞ்சுச் சட்டை போட்ட மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்கள், கல் பட்டை தீட்டும் தொழிலாளிகள் எல்லாரும் இங்கேதான். உங்கள் நாணயத்தில் ஒரு தட்டு 50, 60 பாட்டுக்கு வயிறு நிறைகிறது. இந்தக் கடைகள் போனால் பணமுள்ளவர் மாலுக்குப் போவார். மற்றவர் என்ன செய்வார்?

நடந்தவற்றையும் சொல்லியாக வேண்டும். 2014 மே மாதம் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, நடைபாதையை நடப்பவர்களுக்குத் திருப்பித் தருகிறோம் என்று கடைகளை எடுக்கும் வேலை வேகம்பிடித்தது. 2016இல் பாக் க்ளாங் தலாட் பூச்சந்தையின் நடைபாதை வியாபாரிகள் எழுப்பப்பட்டார்கள். 2017 ஏப்ரலில், நகரத்தின் 50 மாவட்டங்களிலும் தெருக்கடைகள் அகற்றப்படும் என்ற அறிவிப்பு உலகம் முழுக்கச் செய்தியானது; சைனாடவுன் தெருவான யாவராட்டும் சுற்றுலாப் பயணிகள் கூடும் காவ் சான் தெருவும் மட்டும் தப்பும் என்று பின்னால் விளக்கம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், உங்கள் நாட்டுச் சுற்றுலா ஆணையம் பணம் கொடுத்துக் கொண்டுவந்த மிஷெலின் என்ற உணவகத் தர வழிகாட்டி, மகாச்சாய் தெருவில் கரி அடுப்பில் சமைக்கும் ஜே ஃபாய் அம்மாவுக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது. தெருச் சமையலைக் காட்டி உலகத்தை அழைப்பதும், தெருவில் சமைப்பவரை எழுப்பி அனுப்புவதும் ஒரே ஆண்டில் நடந்தன. இதைப் படித்தபோது எனக்கு வந்தது வருத்தம்தான். இன்றும் அது போகவில்லை.

யாவராட்டை மட்டும் விட்டுவைத்தால் போதும் என்ற எண்ணம் எனக்கு உடன்பாடில்லை. அங்கே இரவில் போனால் சாப்பிடுபவர்களில் பாதிப்பேர் கேமராவோடு நிற்கிறார்கள். நல்ல தெரு, நல்ல சாப்பாடு, மறுக்கவில்லை. ஆனால் ஊர்க்காரர் தினமும் சாப்பிடும் கடை அவர் வேலைக்குப் போகும் வழியில் இருக்க வேண்டும். சாத்தோனில் வேலை செய்பவர் மதியச் சாப்பாட்டுக்கு யாவராட் வரை போக முடியுமா?

நடப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கடையும் மின்கம்பமும் தொலைபேசிப் பெட்டியும் சேர்ந்து அடைத்துக்கொண்டு, மக்கள் வண்டிகளுக்கு நடுவே இறங்கி நடக்கிற இடங்களை நானும் பார்த்திருக்கிறேன். சக்கர நாற்காலிக்காரர் நிலைமை இன்னும் மோசம். பார்வையற்றவர்களுக்காகப் பதித்த மஞ்சள் ஓடு நேராகப் போய்க் கம்பத்தில் முட்டுகிறது. பாத்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீர் வடிகாலில் போகிறது. மழைக்காலத்தில் அந்த வடிகால் அடைத்துக்கொண்டால் தெருவே குளமாகிறது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் கம்பத்தை நட்டது கஞ்சிக்கார அம்மா இல்லை. காலை வைத்தால் சேற்றுத் தண்ணீர் பீச்சியடிக்கும் ஆட்டமான ஓடும், நடைபாதையில் ஏறி ஓட்டும் மோட்டார் சைக்கிளும் கடைகளை எடுத்த தெருக்களிலும் அப்படியே இருக்கின்றன.

2022 மே மாதம் 13 லட்சத்துக்கும் மேலான வாக்குகளோடு சாட்சார்ட் சிட்டிபன்ட் உங்கள் நகர ஆளுநராக வந்தபோது, என் நண்பர்களான சீலோம்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். உடைந்த நடைபாதையைப் படம் பிடித்து டிராஃபி ஃபாண்டூ செயலியில் போட்டால் ஆள் வந்து சரிசெய்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார்கள். நல்ல வேலை, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் 2024இல் வந்த புதிய விதிகளில் ஒன்று என்னை உறுத்துகிறது. செலவு போக ஆண்டுக்கு 3 லட்சம் பாட்டுக்கு மேல் சம்பாதிப்பவருக்கு நடைபாதையில் இடமில்லை என்பது. ஏழைகளுக்கு இடம் கிடைக்கட்டும் என்ற நோக்கம் புரிகிறது. ஆனால் மாதம் 25,000 பாட் என்பது உங்கள் ஊரில் வாடகை கொடுத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஊரிலிருக்கும் தாய் தகப்பனுக்கு அனுப்பும் குடும்பத்துக்குப் பெரிய தொகை இல்லை. அதைத் தாண்டியதுமே சீலோமில் ஒரு கடையை வாடகைக்கு எடுக்கவும் முடியாது. இருபது வருடம் கைப்பக்குவத்தால் வாடிக்கை சேர்த்தவரிடம், நீ நன்றாகச் சமைக்கிறாய், கிளம்பு என்று சொல்வதாக அது ஆகிவிடும்.

தெருவைப் பங்கிட்டுக்கொள்வது உங்களுக்குப் புதிதல்ல. தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மாரியம்மன் கோயில் சீலோம் தெருவும் பான் தெருவும் சேரும் முனையில் இருக்கிறது. விஜயதசமி இரவு அம்மன் வெளியே வரும்போது உங்கள் நகரத்தின் முக்கியமான வணிகச் சாலையையே மூடி அவளுக்கு வழிவிடுகிறீர்கள். தெரு நெடுக மேசை போட்டு, பழமும் சாமந்திப் பூவும் குத்துவிளக்கும் வைத்துக் காத்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தாய்லாந்து மக்கள். எங்கிருந்தோ வந்த ஒரு அம்மனுக்கு இத்தனை இடம் கொடுத்த ஊர் இது. ஈசானிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு எட்டடி கொடுக்க இந்த ஊரால் நிச்சயம் முடியும்.

அதனால் என் வேண்டுகோள். கடைக்காரர்களைக் கூட்டிக்கொண்டுபோய், ஆள் நடமாட்டமில்லாத மூலையில் ஒரு கூடம் கட்டி அடைக்காதீர்கள்; அவர்களுடைய மூலதனமே வழியில் போகிறவர்தான். கூடம் கட்டுவதானால் ரயில் நிலைய வாசலிலோ அலுவலகங்களுக்கு நடுவிலோ கட்டுங்கள். அகலமான நடைபாதையில் நடக்க இடம் விட்டுக் கோடு போடுங்கள், கோட்டைத் தாண்டினால் அபராதம் போடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தெருவுக்கு ஒரு தண்ணீர்க் குழாயும் எண்ணெய் தடுக்கும் தொட்டியும் வையுங்கள். அதற்குக் கட்டணம் வாங்குங்கள். வருமான வரம்பை எடுத்துவிட்டு, அதிகம் சம்பாதிப்பவரிடம் அதிகக் கட்டணம் கேளுங்கள். எந்தத் தெருவில் எந்த நேரம் யார் என்ற பட்டியலை அந்தத் தெருக் கடைக்காரர்களையே உட்காரவைத்துப் போடுங்கள். அதை அவர்கள் ஏற்கெனவே தங்களுக்குள் பேசி ஒழுங்காக நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். முடிவெடுக்கும் அதிகாரிகள், எடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அந்தத் தெருவிலேயே நின்று சாப்பிட்டுவிட்டு எடுக்கட்டும்.

மரியாதையுடன்,
சீலோமுக்கு வந்துபோகும் ஒரு கல் வியாபாரி