பால்வினை நோய்: சிகிச்சையைத் தடுப்பது கூச்சமே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

2022-இல் மட்டும் உலகில் 15 முதல் 49 வயது வரையிலான 80 லட்சம் பேருக்குச் சிபிலிஸ் என்னும் பால்வினை நோய் தொற்றியதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ள நிலையிலும், நம்மவர் பேச்சு இளைஞர்களின் ஒழுக்கத்தைத் தாண்டுவதில்லை. சிபிலிசின் முதல் புண் பெரும்பாலும் வலிக்காது. சில வாரங்களில் தானாகவே ஆறிவிடுவதால், நோய் உடலுக்குள் தங்கிவிட்டதை அறியாமலேயே பலர் அதைப் பிறருக்குப் பரப்புகின்றனர். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெனிசிலின் ஊசியிலேயே குணமாகும்.

ஆனால் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்களூர் போன்ற சிற்றூர்களில், மருத்துவமனைப் பதிவு முகப்பில் "என்ன நோய்?" என்று உரக்கக் கேட்கும்போது, பின்னால் அம்மாவோடு வேலை செய்த அக்காமார் நிற்க, எந்த இளைஞன் உண்மையைச் சொல்வான்? காய்ச்சல் என்று சொல்லிப் பெனடோல் மாத்திரையோடு திரும்புவான். (எங்கள் தலைமுறையும் அப்படித்தான் சொல்லியிருக்கும்.)

கர்ப்பிணிகள் அனைவருக்கும் சிபிலிஸ் சோதனையை வழக்கமாக்கியதும், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் பரவுவதை ஒழித்த நாடாக 2018-இல் மலேசியா அங்கீகாரம் பெற ஒரு முக்கியக் காரணம். எல்லாருக்கும் செய்வதால் அதில் எவருக்கும் வெட்கமில்லை. இளைஞர்களுக்கும் பொது உடல்நலச் சோதனையோடு இதைச் சேர்த்து, வருகைக் காரணத்தைத் துண்டுச்சீட்டில் எழுதித் தரும் வசதியையும் சுகாதார அமைச்சு ஏற்படுத்த வேண்டும்.

இப்படிக்கு,
தோட்டப்புற வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்